கர்ப்பிணி காணாமல் போனால் எடுத்த எடுப்பில் கணவனைக் கைகாட்டுவது சரியா?

கேள்வி: ஜனவரி 9, மாலை 6.10

லேசி பீட்டர்சன் வழக்கை இப்போதுதான் முழுதாகப் படித்து முடித்தேன். எட்டு மாதக் கர்ப்பிணி காணாமல் போன கொஞ்ச நாளிலேயே ஜனங்கள் கணவனைக் கைகாட்டிவிட்டார்கள். கடைசியில் நீதிமன்றமும் அதையேதான் சொன்னது. அப்புறம் ஏன் ஊர்வாயைக் குறை சொல்கிறோம்? நாலு பேருக்குத் தோன்றுவதில் ஏதோ ஒரு உண்மை இருக்கத்தானே செய்கிறது?

ஜனவரி 9, இரவு 9.40

விடை சரியாக வந்துவிட்டது என்பதற்காகக் கணக்குப் போட்ட விதமும் சரி என்று ஆகிவிடாது.

நடந்ததை முதலில் வரிசையாக வைத்துக்கொள்வோம். 2002 டிசம்பர் 24, கலிபோர்னியாவில் மொடெஸ்டோ. லேசிக்கு 27 வயது. பிப்ரவரி 10 அன்று பிரசவம் என்று தேதி குறித்திருந்தார்கள். அன்று காலை பக்கத்து வீட்டுப் பெண், லேசியின் நாய் கழுத்து வாரோடு தெருவில் தனியாகத் திரிவதைப் பார்த்து, அதைப் பிடித்துக்கொண்டு போய் வீட்டுத் தோட்டத்தில் விட்டார். கணவர் ஸ்காட், தான் பெர்க்லி படகுத்துறையிலிருந்து மீன்பிடிக்கப் போயிருந்ததாகச் சொன்னார். வீட்டிலிருந்து அது ஏறத்தாழ 90 மைல். மாலையில் குடும்பத்தார் போலீசுக்குத் தகவல் சொன்னார்கள்.

2003 ஏப்ரல் 13 அன்று சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கரையில் குழந்தையின் உடல் ஒதுங்கியது. மறுநாள், அங்கிருந்து சற்றுத் தள்ளி, லேசியின் உடல். தான் அன்று போயிருந்ததாக ஸ்காட் தன் வாயாலேயே சொன்ன அதே தண்ணீர். அரசுத் தரப்பின் முதுகெலும்பு அதுதான். அதோடு, டிசம்பர் மாதத் தொடக்கத்தில் யாரிடமும் சொல்லாமல் 14 அடிப் படகு வாங்கியது. வேறொரு பெண்ணிடம், லேசி காணாமல் போவதற்கு இரண்டு வாரம் முன்பே, "மனைவியை இழந்துவிட்டேன்" என்று சொன்னது.

இதில் எதுவும் முதல் வாரத்தில் ஜனங்களுக்குத் தெரியாது. அவர்கள் பார்த்தது தொலைக்காட்சியில் ஒரு ஆளின் முகத்தை. "அழவே இல்லையே", "சிரிக்கிறானே". அதை வைத்துத்தான் முடிவு கட்டினார்கள். குருட்டாம்போக்கில் கல்லை எறிந்தார்கள், விழ வேண்டியவன் மேல் விழுந்தது. அவ்வளவுதான். அடுத்த வீட்டில் அடுத்த பெண் காணாமல் போகும்போது அதே கல்லை அதே நம்பிக்கையோடு எறிவார்கள். எனக்குப் பயம் அதில்தான்.

ஜனவரி 9, இரவு 10.25

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. முகத்தைப் பார்த்து முடிவு கட்டுவது தெருவோடு நின்றுவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். 2004 நவம்பர் 12 அன்று தீர்ப்பு வந்தபோது நீதிமன்றத்துக்கு வெளியே கூட்டம் கைதட்டி ஆரவாரம் செய்தது. தண்டனை முடிவான பிறகு பேட்டி கொடுத்த ஜூரிகளில், அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொன்ன பொதுமக்களில், சிலர், அத்தனை மாத விசாரணையிலும் ஸ்காட்டின் முகத்தில் ஒரு சலனம்கூட இல்லாதது தங்களைப் பாதித்ததாகச் சொன்னார்கள். சாட்சிகளை மட்டும் பார்க்க வேண்டும் என்று சொல்லி உட்காரவைத்தவர்களே அப்படி என்றால், டீவி பார்த்தவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

ஜனவரி 10, காலை 7.15

ராத்திரி தூக்கம் வரவில்லை. ஈவ்லின் ஹெர்னாண்டஸ் ஞாபகமாகவே இருந்தது.

எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? லேசி காணாமல் போவதற்கு எட்டு மாதம் முன்பு, 2002 மே 1. சான் பிரான்சிஸ்கோ. ஈவ்லினுக்கு 24 வயது, எல் சால்வடாரிலிருந்து வந்து குடியேறியவர். நிறைமாதக் கர்ப்பிணி, பிரசவத்துக்கு ஒரு வாரம்தான் பாக்கி. ஐந்து வயது மகன் அலெக்ஸோடு சேர்ந்து காணாமல் போனார். ஜூலை 24 அன்று அதே விரிகுடாவில் அவருடைய உடலின் ஒரு பகுதி கிடைத்தது. கர்ப்பிணிகள் உடுத்தும் உடை உடம்பில் இருந்தது. அலெக்ஸ் கிடைக்கவில்லை. இன்றுவரை யார் மீதும் குற்றம் சாட்டப்படவில்லை.

அதே தண்ணீர். அதே வருடம். இரண்டு பேரும் பிரசவத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்தவர்கள். லேசியைப் பத்திரமாகக் கொண்டுவந்தால் 5 லட்சம் டாலர் என்று அறிவித்தார்கள். தேட வந்த தன்னார்வலர்கள் ஏராளம். வாசலில் தொலைக்காட்சி வண்டிகள். ஈவ்லினைப் பற்றிப் பெரிய ஊடகங்கள் பேச ஆரம்பித்ததே லேசி வழக்குக்குப் பிறகுதான், ஒப்பிட்டுக் காட்டுவதற்காக.

"நாலு பேருக்குத் தோன்றுவதில் உண்மை இருக்கும்" என்று கேட்டீர்கள். ஈவ்லினைப் பற்றி அந்த நாலு பேருக்கு எதுவுமே தோன்றவில்லையே. ஒரு பெண்ணைப் பற்றி ஓயாமல் ஊகம் செய்தார்கள், இன்னொரு பெண்ணைப் பற்றி ஊகம் செய்யக்கூட ஆளில்லை. இரண்டில் எது கொடுமை என்று என்னால் சொல்ல முடியவில்லை. நேற்று கேட்டிருந்தால் முதலாவது என்று சொல்லியிருப்பேன்.

ஜனவரி 10, மதியம் 1.30

"நீங்கள் ஏன் இவ்வளவு வேகப்படுகிறீர்கள்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். காரணம் இருக்கிறது.

என் அத்தை மகள். ஆறு மாதம் அப்போது. ஒரு மத்தியானம் வீட்டைவிட்டுப் போனவள் இரண்டு ராத்திரி திரும்பவில்லை. போன் படுக்கை ஓரத்தில் சார்ஜில் கிடந்தது, நூறு சதவீதம் ஏறி. செருப்பு இல்லை. கைப்பை இல்லை. முதல் நாள் சாயங்காலத்துக்குள் வீட்டுக் கூடத்தில் இருபது பேர் சேர்ந்துவிட்டோம். எல்லோரும் அவளை நேசித்தவர்கள்தான். ஆனால் அந்த இருபது பேரும் பேசியதில் பாதியை இன்றைக்கு என்னால் எழுத முடியாது. கணவன் அடித்திருப்பான் என்றார்கள். கடன் என்றார்கள். யாரோ ஒருவர், "அவளுக்கு முதலிலிருந்தே இந்தக் கல்யாணத்தில் இஷ்டமில்லை, அந்தப் பழைய பையன் எங்கே இருக்கிறான் என்று பாருங்கள்" என்று சொன்னார்.

அவள் கணவர் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. அவளுடைய சார்ஜர் வயரை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். விரல் நுனி சிவந்து, அப்புறம் வெளுத்து, மறுபடி சிவக்கும். "பாருங்கள், கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை" என்று என் பக்கத்தில் இருந்தவர் காதோடு சொன்னார்.

மூன்றாம் நாள் காலையில் அவள் ஆஸ்பத்திரியில் இருப்பது தெரிந்தது. மீதியை அப்புறம் எழுதுகிறேன்.

ஜனவரி 10, இரவு 8.50

இன்னொரு வாசகர்: "அப்படியானால் போலீஸ் கணவனை விசாரிக்கவே கூடாது என்கிறீர்களா?"

இல்லவே இல்லை. விசாரிக்கத்தான் வேண்டும், முதல் மணி நேரத்திலேயே. அமெரிக்காவில் இறப்புப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வுகள், கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிந்தைய ஒரு வருடத்திலும் பெண்கள் சாவதற்கான முன்னணிக் காரணங்களில் கொலையும் ஒன்று என்று காட்டுகின்றன. ரத்தப்போக்கு, ரத்தக்கொதிப்பு, தொற்று என்று நாம் பயப்படும் பிரசவச் சிக்கல்கள் ஒவ்வொன்றையும்விட அங்கே கொலை அதிகம். பெரும்பாலும் துப்பாக்கி. பெரும்பாலும் கூட வாழ்கிறவன் அல்லது வாழ்ந்தவன். இது தெரிந்த எந்த அதிகாரியும் கணவனைத்தான் முதலில் உட்காரவைத்துக் கேட்பார்.

ஆனால் விசாரிப்பது வேறு, தீர்ப்புச் சொல்வது வேறு. விசாரிக்கிறவர் "எத்தனை மணிக்குப் புறப்பட்டீர்கள், எந்த வழியாகப் போனீர்கள், ரசீது இருக்கிறதா" என்று கேட்கிறார். பதில் பொருந்தினால் அந்த ஆளை விட்டுவிட்டு அடுத்த கதவைத் தட்டலாம். ஊர் கேட்பது "ஏன் அழவில்லை" என்று. அழாததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். எந்தப் பதில் சொன்னாலும் ஊர் அடுத்த கதவுக்குப் போகாது.

ஜனவரி 11, காலை 6.40

நிக்கோலா புல்லி. அவர் கர்ப்பிணி அல்ல, 45 வயது, இரண்டு குழந்தைகளின் தாய். இங்கே சேருமா என்று யோசித்தேன், சேரும்.

2023 ஜனவரி 27, இங்கிலாந்தில் லங்காஷையர். செயின்ட் மைக்கேல்ஸ் ஆன் வயர் என்ற கிராமத்தில் ஆற்றோரமாக நாயோடு நடக்கப் போனவர் காணாமல் போனார். போன் ஒரு பெஞ்சில் கிடந்தது, அலுவலக அழைப்பு ஓடிக்கொண்டிருந்தபடி. போலீஸ் ஆரம்பத்திலிருந்தே, தவறி ஆற்றில் விழுந்திருக்கலாம் என்றுதான் சொன்னது. ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. கேமராவைத் தூக்கிக்கொண்டு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து இறங்கினார்கள். ராத்திரியில் அடுத்தவர் தோட்டத்துக்குள் நுழைந்து பார்த்தார்கள். கூட்டத்தைக் கலைக்கப் போலீஸ் தனி உத்தரவே போட வேண்டியிருந்தது. துணைவரைத்தான் எல்லோரும் குறிவைத்தார்கள். காரணம் அதே பழைய காரணம்: பேட்டியில் அவர் முகம் சரியில்லையாம்.

பிப்ரவரி 19 அன்று ஒரு மைல் தள்ளி அதே ஆற்றில் உடல் கிடைத்தது. தவறி விழுந்திருக்கிறார், குளிர்ந்த தண்ணீரின் அதிர்ச்சி, மூழ்கி இறந்தார், விபத்து. மரண விசாரணை அதிகாரி ஜூன் மாதம் சொன்ன முடிவு இது.

இதில் இன்னொரு கேடும் நடந்தது. ஊகத்தை அடக்குகிறேன் என்று போலீசே அந்தப் பெண்ணின் மதுப் பழக்கம், மாதவிடாய் நிற்கும் காலத்துச் சிரமங்கள் எல்லாவற்றையும் வெளியே சொல்லிவிட்டது. அதைச் சொல்லியிருக்க வேண்டியதே இல்லை என்று பின்னால் நடந்த தனி ஆய்வு கண்டித்தது. ஊர்வாயை மூட அந்தப் பெண்ணின் மானத்தை எடுத்துக் கொடுத்தார்கள். அப்போதும் ஊர்வாய் மூடவில்லை.

பீட்டர்சன் வழக்கில் ஜனங்கள் கற்ற பாடம் இருபது வருடம் கழித்து இங்கே வந்து நின்றது. கேள்வி கேட்டவருக்கு என் பதில் இதுதான்.

ஜனவரி 11, மாலை 5.20

இல்லை. காலையில் எழுதியதை அப்படியே விட முடியாது. நான் சொன்னதற்கு எதிராகப் பேசும் ஒரு வழக்கு இருக்கிறது, அதை மறைத்து வைப்பது நியாயமில்லை.

சவானா லாஃபான்டெய்ன்-கிரேவிண்ட். 22 வயது, எட்டு மாதக் கர்ப்பிணி, ஸ்பிரிட் லேக் பழங்குடியைச் சேர்ந்தவர். 2017 ஆகஸ்ட் 19, வடக்கு டகோட்டாவில் ஃபார்கோ. அதே கட்டடத்தின் மேல்மாடியில் குடியிருந்த பெண், ஒரு உடுப்புத் தைக்க அளவு பார்க்க வேண்டும் என்று கூப்பிட்டார். போனவர் திரும்பவில்லை. கார் கீழேயே நின்றது. அவர் தானாக எங்கும் போகவில்லை, மேலே போனவள்தான், மேலே பாருங்கள் என்று குடும்பம் முதல் நாளிலிருந்தே சொன்னது. போலீஸ் அந்த மேல்மாடி வீட்டை மூன்று முறை பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று இறங்கிவந்தது. ஆகஸ்ட் 24 அன்று வாரண்டோடு போனபோது குழந்தை அந்த வீட்டில் உயிரோடு இருந்தது. சவானாவின் உடலை 27-ம் தேதி ஆற்றில் கண்டெடுத்தார்கள். அந்த மேல்மாடிப் பெண் குற்றத்தை ஒப்புக்கொண்டார், ஆயுள் தண்டனை.

"குழந்தைக்காக யாரோ கொண்டுபோயிருப்பார்கள்" என்று யாராவது எழுதினால் நான் எரிச்சல்படுவேன். அபூர்வத்திலும் அபூர்வம் என்பேன். அபூர்வம்தான். ஆனால் ஃபார்கோவில் அதுதான் நடந்தது.

அப்படியானால் ஊகம் நல்லதா? நாள் முழுக்க இதையே யோசித்தேன். சவானாவின் அம்மா செய்ததை ஊகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மகள் கடைசியாக எங்கே போனாள் என்பது அவருக்குத் தெரியும். எத்தனை மணிக்குப் போனாள் என்று தெரியும். அப்படிச் சொல்லாமல் போகிறவள் இல்லை என்பதும் தெரியும். அது அறிவு. அதைத்தான் போதுமான அளவு கேட்கவில்லை. நமக்கு அந்தப் பெண்ணையும் தெரியாது, அந்தக் கதவையும் தெரியாது. ஆனால் நம் குரல்தான் அம்மாவின் குரலைவிட உரக்கக் கேட்கிறது.

இந்தக் கொலைக்குப் பிறகு பழங்குடிப் பெண்கள் காணாமல் போகும் வழக்குகளைப் பதிவு செய்வதையும் போலீஸ் அமைப்புகள் கூடி விசாரிப்பதையும் சீர்படுத்த 2020 அக்டோபரில் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. பெயரே சவானா சட்டம்தான்.

ஜனவரி 12, காலை 9.05

"24 மணி நேரம் காத்திருந்த பிறகுதானே புகார் எடுப்பார்கள்?" என்று கேட்டவருக்கு: அப்படி விதி இருக்கிறது என்பது சினிமா கட்டிவிட்ட கதை. கலிபோர்னியாவில், இப்போது பேசிக்கொண்டிருக்கும் இடத்தில், புகாரை உடனே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றே சட்டம் சொல்கிறது. லேசிக்காகவும் போலீஸ் அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டது.

கர்ப்பிணி விஷயத்தில் காத்திருப்பதே ஆபத்து. குற்றம் எதுவும் நடக்காமலேயே அவள் எங்காவது விழுந்து கிடக்கலாம். கரு கர்ப்பப்பைக்கு வெளியே, குழாயில் தங்கிவிட்டால் ஆறேழு வாரத்திலேயே குழாய் வெடித்து உள்ளே ரத்தம் கொட்டும், தனக்குக் கர்ப்பம் என்பதே தெரியாத பெண் நடுவழியில் மயங்கி விழுவாள். இருபது வாரத்துக்கு மேல் ரத்தக்கொதிப்பு ஏறினால் தலைவலி, பார்வை மங்கல், அப்புறம் வலிப்பு. வலிப்பு வந்து தெளிகிறவளுக்குத் தன் பெயர்கூடச் சட்டென்று வாயில் வராது. இன்சுலின் போட்டுக்கொள்கிறவள் என்றால் ஒவ்வொரு வேளையும் கணக்கு.

அதனால் புகார் கொடுக்கப் போகிறவர் எத்தனை வாரம், என்ன மருந்து, ரத்த வகை என்ன, எந்த டாக்டர், அடுத்த செக்கப் எப்போது என்று சொன்னால் அது உதவும். பக்கத்து ஆஸ்பத்திரிகளில் கேட்கச் சொன்னால் உதவும். அவள் பழைய காதலன் யார் என்பது பத்தாவது கேள்வி.

இதை எழுதும்போது கை நடுங்குகிறது. ஏன் என்று இன்றைக்குள் எழுதிவிடுகிறேன்.

ஜனவரி 12, இரவு 11.30

10-ம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம். "யாரோ ஒருவர்" என்று எழுதியிருந்தேன். அவளுக்குக் கல்யாணத்தில் இஷ்டமில்லை, பழைய பையனைப் பாருங்கள் என்று அந்தக் கூடத்தில் சொன்னது நான்தான். காதோடுகூட இல்லை, எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். எனக்கு அவளைப் பற்றி மற்றவர்களைவிட அதிகம் தெரியும் என்று காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. வேறு எந்தக் காரணத்தையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை, பத்து வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

என்ன நடந்தது என்றால், அன்று மத்தியானம் அவளுக்கு ரத்தம் பட்டது. அதற்கு முன் ஒரு முறை கலைந்திருந்தது. அப்போது வீடே கூடி அழுதது, யார் மேல் தவறு என்று பேசியது, அதெல்லாம் மறுபடி வேண்டாம் என்று நினைத்தாள். ஒரு தோழியைக் கூப்பிட்டுக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்துவிட்டாள். அவசரத்தில் போனை மறந்தாள். தோழியின் நம்பரைக் கொடுத்தாள். குழந்தை நிற்குமா என்று தெரிகிறவரை வீட்டுக்குச் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். குழந்தை நின்றது.

அந்தத் தோழியை எங்கள் இருபது பேருக்கும் தெரியும். ஒருவர்கூட அவளுக்குப் போன் செய்யவில்லை. பழைய பையன் எங்கே என்று மட்டும் இரண்டு பேர் வண்டி எடுத்துக்கொண்டு போய்த் தேடினார்கள், நான் சொன்னதை நம்பி. அவனுக்குக் கல்யாணமாகி ஒரு குழந்தை இருந்தது. அந்த வீட்டில் அன்றைக்கு என்ன நடந்தது என்று நான் இதுவரை விசாரிக்கவில்லை.

இன்னொன்று. அவளுடைய செக்கப் பைல் ஒரு பிளாஸ்டிக் பையில் அலமாரிக் கதவின் உட்புறம் ஆணியில் தொங்கும். அந்த இரண்டு நாளில் துணி எதையாவது எடுத்துக்கொண்டு போயிருக்கிறாளா என்று பார்க்க அலமாரியை எத்தனையோ முறை திறந்தோம். பை ஆணியில் தொங்கியது. உள்ளே பைல் இல்லை, தட்டையாகக் கிடந்தது. நானே கையால் தள்ளிவிட்டுத்தான் புடவைகளை எண்ணினேன். ஓடிப்போகிறவள் செக்கப் பைலை எதற்கு எடுத்துக்கொண்டு போகப்போகிறாள்?

ஜனவரி 13, காலை 8.00

கேள்வி: "ஸ்காட் பீட்டர்சன் நிரபராதியாகவும் இருக்கலாம் என்கிறீர்களா?"

நான் அப்படிச் சொல்லவில்லை. படித்தவரையில் எனக்கு அவர் மேல்தான் சந்தேகம். 2005-ல் விதித்த மரண தண்டனையை 2020 ஆகஸ்டில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் குற்றவாளி என்ற தீர்ப்பை அப்படியே வைத்துக்கொண்டது. மரண தண்டனையில் உடன்பாடில்லை என்று எழுதிக்கொடுத்த காரணத்துக்காகவே சிலரை ஜூரியில் சேர்க்காமல் விட்டது தவறு என்பதுதான் அந்த ரத்துக்குக் காரணம். 2021 டிசம்பரில் பரோல் இல்லாத ஆயுள் தண்டனையாக மாற்றினார்கள். தவறாகத் தண்டிக்கப்பட்டதாகச் சொல்கிறவர்களுக்காக வாதாடும் லாஸ் ஏஞ்சல்ஸ் இன்னசன்ஸ் ப்ராஜெக்ட் என்ற அமைப்பு 2024-ல் அவருக்காக மனு போட்டது. எதிர்வீட்டில் அந்த நாட்களில் நடந்த திருட்டு, அது எந்தத் தேதி என்ற சண்டை, நாய் தெருவில் திரிந்த நேரம் 10.18 என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்ன கணக்கு, அதற்குப் பிறகும் கர்ப்பிணி ஒருவரை நாயோடு பார்த்ததாகச் சொன்னவர்கள் என்று பழைய கேள்விகள் சுற்றிச் சுற்றி வருகின்றன.

இவை எல்லாமே நேரம், தேதி, இடம் பற்றிய கேள்விகள். இதைப் பற்றி எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசலாம், நானும் பேசத் தயார். இதில் யாராவது தவறு சொன்னால் ஒரு ரசீதைக் காட்டித் திருத்திவிடலாம். முகத்தைப் பற்றிச் சொன்னதைத் திருத்த வழியே இல்லை.

ஜனவரி 13, மாலை 4.45

"அவளே போயிருக்கலாம், புகைப்படத்தைப் பரப்பினால் சீக்கிரம் கண்டுபிடிக்கலாமே" என்று எழுதியவர் நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார். ஒரு நிமிஷம் நின்று யோசியுங்கள். அடிக்கிறவனிடமிருந்து தப்பித்துப் போயிருந்தால்? அந்தப் படத்தைப் பார்த்து "இங்கே பார்த்தேன்" என்று நீங்கள் எழுதும் வரியை அவனும் படிப்பான். வளர்ந்த பெண்ணுக்குப் போகும் உரிமை இருக்கிறது. அதனால்தான் பல நாடுகளில் போலீஸ் கண்டுபிடித்த பிறகும் "பத்திரமாக இருக்கிறார்" என்று மட்டும் குடும்பத்துக்குச் சொல்லும். எங்கே என்பதை அவள் சம்மதம் இல்லாமல் சொல்லாது.

பார்த்ததாகத் தோன்றினால் போலீசுக்குச் சொல்லுங்கள். பொதுவில் வேண்டாம்.

ஜனவரி 14, காலை 7.30

அலெக்ஸைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். கிடைக்கவில்லை. வழக்கு முடியவில்லை. அவனுடைய அம்மாவின் பெயரையாவது இந்தப் பக்கத்தில் சரியாக எழுதியிருக்கிறேனா என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டேன்.

ஜனவரி 15, இரவு 10.10

நேற்று அத்தை மகளுக்கு இதை எல்லாம் அனுப்பினேன். அவளைப் பற்றி அவளைக் கேட்காமல் எழுதியிருக்கிறேன், அதுவே பழைய தப்பின் தொடர்ச்சி என்று இரண்டு நாளாக மனதை அரித்துக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று சொன்னால் எடுத்துவிடுகிறேன் என்றேன். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. இன்று சாயங்காலம் அவளே கூப்பிட்டாள்.

நான் அன்றைக்குச் சொன்னது அவளுக்கு அடுத்த வாரமே தெரியுமாம். யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. "தெரிந்தும் ஏன் என்னோடு பேசினாய்" என்று கேட்டேன். "பேசாமல் எங்கே போவது" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சும்மா இருந்தோம். பின்னால் அவள் மகன் எதையோ சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தான்.

எழுதியது இருக்கட்டும், எடுக்க வேண்டாம் என்றாள். ஒரே ஒரு இடத்தைத் திருத்தச் சொன்னாள்.

"அவர் அழவில்லை என்று எழுதியிருக்கிறாய். மூன்றாம் நாள் காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் இருந்தது மாடி. மேலே ஏறி வரவே இல்லை, எங்கே போனார் என்று நர்ஸைக் கேட்டேன். கீழே படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறார், கையில் உங்கள் சார்ஜர் இருக்கிறது என்றார். நீங்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. அதையும் எழுது."

எழுதிவிட்டேன்.